கணக்கு டீச்சர் பதில்கள்: என் மகளின் எண் ஏன் ஒன்பது?

கேள்வி: வணக்கம் டீச்சர். என் மகள் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணித விரிவுரையாளர். கணினியால் கணக்குகளைத் தீர்க்கும் வழிகளை ஆராயும் எண்ணியல் பகுப்பாய்வு அவள் துறை. பதினோரு வருடமாக ஆய்வு செய்கிறாள். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த என் அண்ணன் மகன், புற்றுநோய் ஆராய்ச்சியில் இருப்பவன், கைப்பேசியைத் திறந்து தன் எச்-இண்டெக்ஸ் 34 என்று காட்டினான். பக்கத்திலேயே என் மகளுடையதையும் தேடிக் காட்டினான்: 9. அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் லாரி ஓட்டிப் பிழைத்தவன், எனக்கு இது விளங்கவில்லை. என் மகள் பின்தங்கிவிட்டாளா?
— ஒரு தகப்பன், பட்டர்வொர்த்

பதில்: இல்லை ஐயா. அந்த 9-ஐயும் 34-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் தப்பு.

முதலில் அந்த எண் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒருவர் எழுதிய கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் எடுத்துக் காட்டினால் அது ஒரு மேற்கோள். பல்கலைக்கழகத்தில் எல்லாரும் சைட்டேஷன் என்பார்கள். ஒருவருடைய ஆறு கட்டுரைகளுக்கு முறையே 25, 14, 9, 6, 5, 2 மேற்கோள் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தோ அதற்கு மேலோ பெற்ற கட்டுரைகள் ஐந்து இருக்கின்றன. ஆறோ அதற்கு மேலோ பெற்றவை ஆறு இல்லை. ஆகவே அவருடைய எச்-இண்டெக்ஸ் 5. ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் இந்தக் கணக்கைச் சொன்னார். அந்த முதல் கட்டுரையின் 25 நாளைக்கு 2,500 ஆனாலும் இந்த எண் அசையாது, 5-தான்.

புற்றுநோய் ஆராய்ச்சியில் ஒரு கட்டுரையில் பத்துப் பதினைந்து பேர் கையெழுத்து இருக்கும். அத்தனை பேர் கணக்கிலும் அது ஏறும். அந்தத் துறையில் ஆள் அதிகம், கட்டுரையும் அதிகம், அடுத்த வருடமே மேற்கோள் வந்துவிடும். கணிதத்தில் ஒருவரோ இருவரோ மூவரோ சேர்ந்து எழுதுவார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு நல்ல கட்டுரை வந்தாலே பெரிய விஷயம். மேற்கோளும் மெதுவாகத்தான் வரும். 2008-ல் உலகக் கணிதச் சங்கமும் வேறு இரண்டு கணித அமைப்புகளும் சேர்ந்து மேற்கோள் புள்ளிவிவரம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. கணித இதழ்களுக்கு வரும் மேற்கோள்களில் சுமார் 90 விழுக்காடு, கட்டுரை வெளிவந்து இரண்டு வருடம் கழிந்த பிறகுதான் வருகிறது என்று அதில் காட்டியிருந்தார்கள். இதழ்களைத் தரம் பிரிக்கும் இம்பாக்ட் ஃபேக்டரோ அந்த முதல் இரண்டு வருடத்தை மட்டும் பார்க்கிறது. ஒரு துறையின் எண்ணை இன்னொரு துறையின் எண்ணோடு வைத்துப் பார்க்கக் கூடாது என்று அந்த அறிக்கை அழுத்திச் சொன்னது. பதினைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது, இன்னும் நம் வீட்டுக் கூடம்வரை அது வந்து சேரவில்லை.

நான் கூலிம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா பால் வெட்டுக்குப் போவார். வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தால் கணக்கு எழுதும் கிராணி முதலில் பாலை நிறுப்பார். அதோடு விடமாட்டார். மெட்ரோலக் என்ற மிதவையைப் பாலுக்குள் விடுவார். அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று குனிந்து பார்த்து, அந்தப் பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை பங்கு என்று புத்தகத்தில் இன்னொரு கட்டத்தில் எழுதுவார். மழை பெய்து, மரத்தில் பால் வடியும் மங்கில் தண்ணீர் கலந்த நாளில் வாளி கனக்கும், இரண்டாவது கட்டத்தில் எண் இறங்கிவிடும். இரண்டையும் பெருக்கினால்தான் ரப்பர் எவ்வளவு என்று தெரியும். மேற்கோள் கணக்கில் முதல் கட்டம் மட்டும்தான் இருக்கிறது ஐயா. இரண்டாவது கட்டத்தை யாராவது உட்கார்ந்து படித்துத்தான் நிரப்ப வேண்டும்.

என்னுடையதை நானே நிரப்பிப் பார்த்தேன். கணினியில் சமன்பாடு தீர்க்கும் ஒரு முறையைப் பற்றி நான் 1993-ல் எழுதிய கட்டுரைக்கு 17 மேற்கோள். ஓய்வு பெற்ற வருடம், கெலுகோரில் வீட்டு மேசையில் அந்தப் பதினேழையும் அச்செடுத்துப் பரப்பி ஒவ்வொன்றாகப் படித்தேன். ஐந்து நானே பிறகு எழுதியவை. ஏழில், 'இது பற்றிப் பலர் ஆய்ந்துள்ளனர்' என்ற ஒரு வரிக்குப் பின்னால் வரும் நீண்ட வரிசையில் என் பெயரும் நின்றது. மூன்றில், தங்கள் முறை என் முறையைவிட வேகமானது என்று அட்டவணை போட்டிருந்தார்கள். அவர்கள் சொன்னது சரிதான். மிச்சம் இரண்டு. அந்த இரண்டில்தான் என் முறையை எடுத்து, தங்கள் வேலைக்கு ஓட்டிப் பார்த்திருந்தார்கள்.

அந்த இரண்டில் ஒன்று ஒரு சிவில் எஞ்சினியரிங் மாணவரின் ஆய்வேடு. மழைநீர் மலைச்சரிவு மண்ணுக்குள் எப்படி இறங்குகிறது என்று அவர் கணக்கிட்டார். மண்சரிவு பார்த்த பினாங்குக்காரர்களுக்கு அது ஏன் முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. பாதி ஈரமும் பாதி வறட்சியுமாக இருக்கும் மண்ணில் நீர் நகர்வதைச் சொல்லும் சமன்பாட்டை ரிச்சர்ட்ஸ் 1931-லேயே எழுதிவிட்டார். ஆனால் பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு அதைத் தீர்க்க முடியாது. சரிவைச் சின்னச் சின்னக் கட்டமாக வெட்டி, நேரத்தையும் நறுக்கி, கணினியில் படிப்படியாகத் தள்ள வேண்டும். அந்தத் தம்பி ஒரு பிற்பகல் எனக்குப் போன் செய்தார். "டீச்சர், நேர இடைவெளியைக் கொஞ்சம் பெரிதாக்கினால் விடை தாறுமாறாகக் குதிக்கிறது" என்றார். காய்ந்த மண்ணில் ஈரம் நுழையும் இடத்தில், விரல் அகலத்துக்குள் எல்லாமே மாறிவிடும். என் கட்டுரையில் அந்த நிலைமையை நான் யோசித்திருக்கவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். என் ஆய்வு வாழ்க்கையில் எனக்கு மிக நிறைவான இரண்டு பக்கம் அவை. எந்த இதழிலும் வரவில்லை, எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

மகளிடம் 9 ஏன் என்று கேட்காதீர்கள் ஐயா. உன் முறையை யார் எடுத்து ஓட்டிப் பார்த்தார்கள், அவர்களுக்கு என்ன கணக்கு வந்தது என்று கேளுங்கள். ஒரு கோப்பி கலக்கி வைத்துக்கொண்டு கேளுங்கள், நேரமாகும்.

கேள்வி: எண்ணியல் பகுப்பாய்வில் உலகத்திலேயே அதிக மேற்கோள் பெற்றவர் யார் டீச்சர்? பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வு எழுதப்போகிறேன். அவரைப் போல வர ஆசை.
— மாணவன், சுங்கை பட்டாணி

பதில்: தம்பி, மேற்கோள் குவிந்த ஒரு கட்டுரையைச் சொல்கிறேன். பிறகு எனக்குப் பெரியவராகத் தெரிகிறவரைச் சொல்கிறேன்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹெங்க் வான் டெர் வோர்ஸ்ட் என்ற கணிதவியலாளர் 1992-ல் பை-சிஜிஸ்டாப் என்ற முறையை வெளியிட்டார். லட்சக்கணக்கான சமன்பாடுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்போது, கணினியின் நினைவகம் அதிகம் தின்னாமல் விடையை நெருங்கும் வழி அது. 1990-களில் கணிதத்திலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை என்று பெயர் வாங்கியது. முறை முழுவதும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். நிலத்தடி நீர், எண்ணெய்க் கிணறு, விமான இறக்கை மேல் காற்று என்று எந்தக் கணக்கு செய்கிற எஞ்சினியரும் அந்தப் பக்கத்தைப் பார்த்து அன்றைக்கே நிரல் எழுதிவிடலாம். நான் என் மாணவர்களோடு அதைத் தட்டச்சு செய்து ஓட்டிய மாலை இன்னும் நினைவிருக்கிறது. முந்தைய முறையில் விடை மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்த இடத்தில், இது அமைதியாக இறங்கிப் போனது.

அந்த முறையின் பாட்டன் யார் தெரியுமா? ஹெஸ்டினஸ், ஸ்டீஃபல் என்ற இருவர் 1952-ல் எழுதிய கட்டுரை. சமன்பாடு எத்தனையோ அத்தனை படியில் சரியான விடை வந்துவிடும் என்று அவர்கள் நிறுவினார்கள். கணினியில் போட்டால் இலக்கங்களை வெட்டி வெட்டி வைப்பதால் அப்படி வரவில்லை. ஜனங்கள் கைவிட்டுவிட்டார்கள். 1971-ல் ஜான் ரீட் என்பவர், கடைசிப் படிவரை ஏன் காத்திருக்க வேண்டும், பாதி வழியிலேயே வேண்டிய அளவு நல்ல விடை வந்துவிடுகிறதே என்று எடுத்துக் காட்டினார். அதன் பிறகுதான் அது எழுந்து நடந்தது. கிட்டத்தட்ட இருபது வருடம்.

எனக்குப் பெரியவர் ஜேம்ஸ் வில்கின்சன். 1919-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1946-ல் லண்டன் பக்கத்தில் டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் கணினி முன்னோடி ஆலன் டூரிங்கிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஒரு நாள் 18 மாறிகள் கொண்ட 18 சமன்பாடுகள் வந்தன. அங்கே கணினி இன்னும் வரவில்லை, மேசைமேல் வைக்கும் கணக்குப் பொறிதான். ஒவ்வொரு பெருக்கலிலும் கடைசி இலக்கத்தை வெட்டும்போது நேரும் சின்னப் பிழைகள், படிக்குப் படி பெருகி விடையையே விழுங்கிவிடும் என்று அன்று பெரிய கணிதவியலாளர்களே நம்பினார்கள். டூரிங்குக்கும் நம்பிக்கை இல்லை. ஃபாக்ஸ், குட்வின், டூரிங், வில்கின்சன் நான்கு பேரும் உட்கார்ந்து தீர்த்தார்கள். விடையைத் திரும்பச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால், அசந்துபோகும் அளவுக்குச் சரியாக இருந்தது.

ஏன் சரியாக வந்தது? இந்த ஒரு கேள்விதான் அவருடைய ஆய்வு வாழ்க்கை. 'என் விடை உண்மையிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது' என்று கேட்பதை அவர் நிறுத்தினார். 'கேள்வியை எவ்வளவு கொஞ்சம் மாற்றினால் என் விடையே மிகச் சரியான விடையாகிவிடும்' என்று திருப்பிக் கேட்டார். அந்த மாற்றம், கேள்வியிலேயே இருக்கும் அளவைப் பிழையைவிடச் சின்னதாக இருந்தால், முறைமேல் குற்றமில்லை. ஆனால் சில கேள்விகள் இயல்பிலேயே தொட்டால் சிணுங்குபவை. 1 முதல் 20 வரையுள்ள எண்களை மூலங்களாகக் கொண்ட ஒரு பல்லுறுப்புக் கோவையை அவர் எடுத்தார். அதில் -210 என்ற கெழுவைச் சுமார் ஒரு கோடியில் ஒரு பங்கு அளவே மாற்றினார். 20 இருந்த மூலம் 20.8-க்கு மேல் நகர்ந்தது. பத்து மூலங்கள் கற்பனைப் பகுதி உள்ள எண்களாகவே மாறிவிட்டன! பல்கலைக்கழகத்தில் இதை நான் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் வகுப்பு அமைதியாகிவிடும்.

1970-ல் அவருக்குக் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது கிடைத்தது. 1971-ல் ரைன்ஷ் என்பவரோடு சேர்ந்து தொகுத்த நூலில் இருந்த முறைகள், எய்ஸ்பேக் என்ற நிரல் தொகுப்புக்கு அடித்தளமாயின. கிளீவ் மோலர் என்பவர் தம் மாணவர்களுக்காக மேட்லேப் என்ற கணக்கு மென்பொருளை முதலில் எழுதியபோது, அதையும் லின்பேக் என்ற இன்னொரு தொகுப்பையும்தான் பயன்படுத்தினார். பிறகு 1992-ல் இரண்டின் இடத்திலும் லேபேக் வந்தது. இன்று பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு மாணவி ஒரே வரி எழுதி அணியைத் தீர்க்கும்போது, உள்ளே லேபேக் வேலை செய்கிறது. அந்த மாணவி தன் கட்டுரையில் வில்கின்சன் பெயரை எழுதமாட்டாள். எழுத வேண்டும் என்று தோன்றக்கூடத் தோன்றாது. ஒரு வேலை அவ்வளவு ஆழமாகப் பயன்பாட்டில் கலந்துவிட்டால் மேற்கோள் நின்றுவிடுகிறது. 1986-ல் அவர் இறந்தபோது எச்-இண்டெக்ஸ் பிறக்கவே இல்லை.

நம் நாட்டிலும் பார். 1991-ல் அப்துல் ரஹ்மான் அப்துல்லா, கணக்கிடும் பரப்பில் போட்ட வலையின் புள்ளிகளை நான்கு நான்காகக் குழுவாக்கி, பாதிப் புள்ளிகளில் மட்டும் திரும்பத் திரும்பக் கணக்கிட்டு நேரத்தை மிச்சம் பிடிக்கும் ஒரு முறையை வெளியிட்டார். அதைப் பிடித்துக்கொண்டு இங்கே பல ஆய்வேடுகள் வந்திருக்கின்றன. எஸ்டிபிஎம் முடிந்ததும் அந்தக் கட்டுரையைத் தேடிப் படி. கையால் ஒரு சின்ன வலையில் போட்டுப் பார்க்கலாம், முடியும்.

கேள்வி: ஓர் ஆய்விதழ், பணம் கட்டினால் இரண்டு வாரத்தில் கட்டுரையை வெளியிடுவதாக மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. கட்டலாமா?
— ஆய்வு மாணவி, செர்டாங்

பதில்: வேண்டாம் அம்மா. கணிதக் கட்டுரையில் ஒரு நிறுவலைச் சரிபார்க்கவே நடுவருக்கு மாதக்கணக்கில் ஆகும். அந்த இதழ் மேத்சைநெட் அல்லது இசட்பிமேத் என்ற கணிதக் கட்டுரைத் தரவுத்தளங்களில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் இல்லையென்றால் மின்னஞ்சலை அழித்துவிடுங்கள்.

கேள்வி: என் மேற்பார்வையாளர், அவருடைய ஆறு கட்டுரைகளை என் கட்டுரையில் மேற்கோளாகச் சேர்க்கச் சொல்கிறார். அவற்றில் நான்குக்கும் என் வேலைக்கும் சம்பந்தமே இல்லை. மறுத்தால் முனைவர் பட்டம் தள்ளிப்போகுமோ என்று பயமாக இருக்கிறது. வீட்டில் அப்பா இல்லை, அம்மா பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்கிறார். ஊர் பெயர் போடாதீர்கள்.
— ஒரு மாணவர்

பதில்: தம்பி, உங்கள் பயம் நியாயமானது. அதைத் தைரியம் என்ற பெயரில் தள்ளிவிட நான் தயாராக இல்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஓர் ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரைக்கு வந்த நடுவர் அறிக்கையில், நான்கு கட்டுரைகளைச் சேர்த்தால் ஏற்கலாம் என்று இருந்தது. நான்கும் ஒரே ஆளுடையவை. பதவி உயர்வுக்கு விண்ணப்பித்திருந்த நேரம் அது. மூன்று இரவு தூக்கமில்லை. கடைசியில் நான்கையும் முழுதாகப் படித்தேன். ஒன்று உண்மையில் எனக்கு உதவியது, அதைச் சேர்த்தேன். மற்ற மூன்றில் எந்தச் சமன்பாடு எங்கே பொருந்தும் என்று சுட்டிக் காட்டினால் சேர்க்கிறேன் என்று இதழாசிரியருக்கு எழுதினேன். பதில் வரவில்லை, கட்டுரை வந்தது. அதே கடிதம் வேறு இதழாசிரியரிடம் போயிருந்தால் கட்டுரை திரும்பியிருக்கலாம். அதையும் நான் மறைக்கவில்லை.

நீங்களும் அந்த வழியில் போங்கள். மறுக்காதீர்கள், இடம் கேளுங்கள். "ப்ரொஃப், இந்த நான்கையும் எந்தப் பத்தியில், எந்த முடிவுக்காகச் சேர்ப்பது என்று சொன்னால் சரியாக எழுதிவிடுகிறேன்" என்று மரியாதையாக மின்னஞ்சலில் கேளுங்கள். நேரில் கேட்டால் எழுத்து இருக்காது. சம்பந்தமுள்ள இரண்டை மனமாரச் சேர்த்துவிடுங்கள். ஒரு மேற்கோளை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்: படிப்பவருக்கு ஏதாவது புரியாமல் போகிறதா? போகிறது என்றால் அது இருக்க வேண்டும். அதற்கும் அவர் இறங்கி வராவிட்டால் உங்கள் துறையின் உயர்கல்விப் பொறுப்பாளரிடம் போங்கள். துணைக்கு உங்கள் இரண்டாவது மேற்பார்வையாளரை அழைத்துக்கொள்ளுங்கள்.

இது ஒரு சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதிக மேற்கோள் பெற்ற ஆய்வாளர்களின் பட்டியலை வருடந்தோறும் வெளியிடும் கிளாரிவேட் நிறுவனம், 2023-ல் கணிதத் துறையையே அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. கணிதத்தில் மொத்த மேற்கோளே குறைவு. சிலர் சேர்ந்து ஒருவரையொருவர் காட்டிக்கொண்டாலே தராசு சாய்ந்துவிடும். அப்படிச் சாய்ந்ததில், பட்டர்வொர்த்தில் ஒரு தகப்பனின் மகளைப் போல் ஒழுங்காக வேலை செய்கிறவர்களுக்கும் பட்டியலில் இடமில்லாமல் போனது. எனக்கு இதில் கோபம் உண்டு.

கேள்வி: படிவம் 4 மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். எண்ணியல் பகுப்பாய்வு என்றால் என்னவென்று ஒரே வகுப்பில் காட்ட ஏதாவது வழி உண்டா டீச்சர்?
— ஆசிரியை, நிபோங் திபால்

பதில்: உண்டு. இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரம் அவர்களுக்குத் தெரியும் அல்லவா? பலகையில் x² − 200x + 1 = 0 என்று எழுதுங்கள். ஒரே ஒரு விதி: ஒவ்வொரு படியிலும் நான்கு இலக்கம் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும், மிச்சத்தை முழுமையாக்கிவிட வேண்டும். கணினியும் இதைத்தான் செய்கிறது, அதற்குக் கொஞ்சம் கூடுதல் இலக்கம்.

வர்க்கமூலத்துக்குள் 40000 − 4, அதாவது 39996. நான்கு இலக்கத்துக்குள் இது அடங்காது, 40000 என்றே நிற்கும். வர்க்கமூலம் 200.0. பெரிய மூலம் 200. சின்ன மூலம் 200 − 200, பாதி போட்டால் 0. இப்போது ஒரு பிள்ளையை அழைத்து 0-வைச் சமன்பாட்டில் போடச் சொல்லுங்கள். இடது பக்கம் 1 வரும். வகுப்பில் சத்தம் கிளம்பும், விடுங்கள்.

பிறகு, இரண்டு மூலங்களையும் பெருக்கினால் என்ன வரும் என்று கேளுங்கள். யாராவது ஒருவர் 1 என்பார். அப்படியென்றால் சின்ன மூலம் 1-ஐ 200-ஆல் வகுத்தது: 0.005. உண்மையான விடை 0.005000125. அதே நான்கு இலக்கம்தான், கழித்தலை விட்டுவிட்டு வகுத்தலைப் பிடித்தோம், அவ்வளவே.

நான் முப்பது வருடம் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இந்த வழியை முதலில் கண்டவர் யார் என்று எந்த மாணவரும் கேட்டதில்லை. உங்கள் வகுப்பில் யாராவது கேட்டால், அந்தப் பிள்ளையின் பெயரை எனக்கு எழுதி அனுப்புங்கள்.